மதுரையில் இருந்துகொண்டு பி.பி.எல். (சின்ன விமானம் ஓட்டும் பிரைவேட் பைலட் லைசென்ஸ்) எடுப்பது நடக்கிற காரியமா?

கப்பலூர் பட்டறை:

எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41. கப்பலூர் சிட்கோவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மேற்கே இருந்து இறங்குகிற நாட்களில் விமானம் எங்கள் பக்கமாகத்தான் தாழ்ந்து போகும். சத்தம் கேட்டதும் நான் ஜாப்பை அப்படியே நிறுத்திவிட்டு வெளியே போய் அண்ணாந்து நிற்பேன் என்று பட்டறைப் பையன்களுக்குப் பழகிவிட்டது, இப்போதெல்லாம் சிரிப்பதுகூட இல்லை. சின்ன வயதில் இருந்தே இந்தப் பைத்தியம். அப்பா இருந்தவரை இதைப் பற்றிப் பேசவே முடியாது. இப்போது பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டார்கள், ஒரு சீட்டு முடிந்து 12 லட்சம் கையில் வந்திருக்கிறது.

வேலைக்குப் போக வேண்டும் என்கிற எண்ணம் இல்லை. கமர்ஷியல் லைசென்ஸ் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அதெல்லாம் 20 வயதுப் பையன்களுக்கு. எனக்கு வேண்டியது சின்ன விமானத்தை நானே ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். சந்தேகங்கள் இவை: பத்தாவது தமிழ் மீடியம், அப்புறம் ஐ.டி.ஐ., இது போதுமா? மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், கண்ணாடியும் உண்டு, மெடிக்கலில் கழித்துவிடுவார்களா? பட்டறையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஆறு மாதம் போய் உட்கார முடியாது, விட்டு விட்டுப் போய்க் கற்றுக்கொள்ள முடியுமா? கடைசியாக, லைசென்ஸ் வாங்கிய பிறகு நம் மதுரைக்கு மேலே, யானைமலை, அழகர்கோவில் பக்கமாக ஒரு சுற்று சுற்ற முடியுமா?

வீட்டில் சொன்னேன். "புல்லட்டையே ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம இறங்கித் தள்ளுறீங்க" என்று பதில் வந்தது. அது வேறு விஷயம்.

---

திருமங்கலத்தான்:

அண்ணே, நானும் நம் பக்கம்தான். வேலை பெங்களூரில். ஆறு வருடத்துக்கு முன்னால் என் 35-வது வயதில் பி.பி.எல். எடுத்தேன். உங்கள் கடைசிக் கேள்விதான் உண்மையான கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

படிப்பு போதும். பி.பி.எல்.லுக்குப் பத்தாவது தேறியிருந்தால் சரி, 17 வயது நிறைந்திருந்தால் சரி. பிளஸ் டூ, இயற்பியல், கணக்கு என்று எல்லாரும் பயமுறுத்துவது சி.பி.எல்.லுக்கு, அதாவது கமர்ஷியல் லைசென்ஸுக்கு உள்ள நிபந்தனை. மேல் வயது வரம்பு கிடையாது, உடம்பு ஒத்துழைக்கும்வரை ஓட்டலாம். ஆனால் பத்தாவது மார்க்‌ஷீட் அசல்தான் என்று சரிபார்த்துக் கொடுக்கும் கடிதம் வேண்டும், அது இருந்தால்தான் தேர்வு எழுதக் கம்ப்யூட்டர் நம்பர் கிடைக்கும். நம் ஸ்டேட் போர்டு என்றால் சென்னை கல்லூரிச் சாலையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் வாங்க வேண்டும். நான் இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு இரண்டு மாதம் கோட்டை விட்டேன். நீங்கள் முதலிலேயே போட்டு வையுங்கள்.

தேர்வு ஆங்கிலத்தில்தான். விமானச் சட்டம், வானிலை, வழி கண்டுபிடித்தல், விமானம் எப்படி வேலை செய்கிறது, எல்லாம் சேர்த்து ஒரே தாள், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, 70 சதவீதம் எடுக்க வேண்டும். தமிழ் மீடியம் என்று தயங்க வேண்டாம். நீங்கள் லேத்காரர், மேக்னெட்டோ என்றால் என்ன, கார்புரேட்டர் என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, என்னோடு படித்த இன்ஜினியரிங் பையன்கள் அங்கேதான் முழித்தார்கள். ரேடியோவுக்குத் தனித் தேர்வு. முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது, 2025 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் அந்தப் பொறுப்பை லைசென்ஸ் கொடுக்கும் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வுக்கு மாற்றிவிட்டது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து விண்ணப்பிக்கப் போகாதீர்கள். ரேடியோ பேச்சு என்பது திரும்பத் திரும்ப வரும் கொஞ்சம் வாக்கியங்கள்தான், மூன்றை "ட்ரீ" என்றும் ஐந்தை "ஃபைஃப்" என்றும் ஒன்பதை "நைனர்" என்றும் சொல்லப் பழகினால் பாதி முடிந்தது. மீதிப் பாதி, அவர்கள் சொல்வதைக் காதில் வாங்குவது. முதல் பத்து மணி நேரம் எனக்கு என் விமானத்தின் பெயரைத் தவிர ஒன்றும் காதில் விழவில்லை.

இப்போது பணம். சட்டம் கேட்பது 40 மணி நேரம். அதில் தனியாக ஓட்டுவதும் அடங்கும், 150 நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர், வழியில் இரண்டு வேறு வேறு நிலையங்களில் இறங்கி நின்றுவிட்டு வரும் ஒரு பயணமும் அடங்கும். 40-இல் முடித்த யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. எனக்கு 58 ஆனது. காரணம் நான் மக்கு என்பது கொஞ்சம், விட்டு விட்டுப் போனது மிச்சம். ஒரு மாதம் இடைவெளி விட்டுப் போனால் முதல் இரண்டு மணி நேரம் போன மாதம் கற்றதைத் திரும்பக் கற்பதற்கே போகும். நான் படித்தபோது மணிக்கு 14,000 ரூபாய். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தங்குவது, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், மெடிக்கல். ஆகவே விட்டு விட்டுப் போவதாக இருந்தாலும் போகும்போது பத்துப் பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் இருங்கள். சனி ஞாயிறுக்கு மட்டும் வருகிறேன் என்றால் சீட்டுப் பணம் கரைந்துவிடும்.

இன்னொன்று. முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். நான் சேர்ந்த இடத்தின் பெயர் வேண்டாம், இரண்டு விமானம் வைத்திருந்தார்கள், ஒன்று உதிரிபாகத்துக்காக நான்கு மாதம் படுத்துவிட்டது. இருந்த ஒன்றுக்குப் பதினாறு பேர் வரிசை. பணத்தைக் கட்டிவிட்டு ஹேங்கர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு உங்கள் பட்டறை வாசலே போதுமே.

ஆனால் தனியாகப் போன அந்த முதல் நாளை என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. செஸ்னா 152 என்கிற இரண்டு இருக்கை விமானம். மூன்று சுற்று கூட வந்த பயிற்றுநர் நாலாவது சுற்றுக்கு முன்னால் கதவைத் திறந்து இறங்கி, "ஒரு ரவுண்ட் போய்ட்டு வா" என்றார், டீக்கடைக்குப் போய்விட்டு வா என்பது மாதிரி. அவர் எடை 80 கிலோ இருக்கும், அது இறங்கியதும் விமானம் வேறு விமானமாகிவிட்டது, நான் எதிர்பார்த்த இடத்துக்கு வெகு முன்னாலேயே தரையை விட்டுவிட்டது. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன், காலியாக பெல்ட் மட்டும் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது, இதை இறக்க வேண்டியதும் நானேதான். இறக்கினேன். ஒரு முறை குதித்தது, இரண்டாவது முறை உட்கார்ந்தது. மொத்தம் ஆறு நிமிடம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. லைசென்ஸ் வாங்கிவிடலாம் அண்ணே. வாங்கிய பிறகு எங்கே ஓட்டுவீர்கள்? போய் ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்க மதுரையில் சின்ன விமானம் கிடையாது. நான் ஓட்டுவது 400 கிலோமீட்டருக்கு அப்பால். போன வருடம் மொத்தம் ஏழு மணி நேரம்தான் பறந்தேன். ஓட்டாமல் விட்டால் கை மறந்துபோகும், மறந்த கையோடு மேலே போவது ஆபத்து, ஆகவே மறுபடி பயிற்றுநரோடு போக வேண்டும், அதற்கு மறுபடி பணம். முழுச் செலவுக் கணக்கைப் போடும்போது இதைச் சேர்க்காமல் போடாதீர்கள்.

---

மாட்டுத்தாவணி மாப்ள:

அண்ணே லைசென்ஸ் வாங்கினதும் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல இறங்கும்போது மேல இருந்து பூ தூவ வருவீங்களா? மண்டகப்படிக்காரங்ககிட்ட சொல்லி ரேட் பேசித் தர்றேன், கமிஷன் எனக்கு.

---

திருமங்கலத்தான்:

மாப்ள, மூன்று தப்பு. பி.பி.எல். வைத்துக்கொண்டு காசு வாங்கி ஓட்டக் கூடாது, நண்பர்களைக் கூட்டிப் போகலாம், கட்டணம் வாங்க முடியாது. விமானத்தில் இருந்து பூவோ வேறு எதுவோ கீழே போட அனுமதி வாங்க வேண்டும். கூட்டத்துக்கு மேலே பறப்பதாக இருந்தால் சுற்று வட்டாரத்தில் இருக்கும் உயரமான கட்டடத்தைவிட ஆயிரம் அடி மேலே இருக்க வேண்டும், அந்த உயரத்தில் இருந்து தூவினால் பூ சிவகங்கையில் போய் விழும்.

---

இனிப்புக்காரன்:

பட்டறை சார், மெடிக்கல் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் சர்க்கரை, நானும் பி.பி.எல்.லுக்கு வேண்டிய இரண்டாம் வகுப்பு மெடிக்கல் வாங்கியிருக்கிறேன்.

சர்க்கரை இருக்கிறது என்பதற்காகவே கழித்துவிட மாட்டார்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் முடியாது. மாத்திரை என்றால் எந்த மாத்திரை என்பதுதான் பேச்சு. சில மாத்திரைகள் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி மயக்கம் கொண்டுவரக்கூடியவை, மேலே இருக்கும்போது அப்படி ஆனால் கதை முடிந்தது, ஆகவே அவற்றைக் கண்டால் தயங்குவார்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த பயம் குறைவு. உங்கள் டாக்டரிடம் போய் இப்படி ஒரு ஆசை இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லி, மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள். நீங்களாக மாற்றிக்கொள்ளவோ நிறுத்தவோ வேண்டாம். மூன்று மாதச் சராசரி ரத்தப் பரிசோதனை கட்டுக்குள் வந்த பிறகு, அறிக்கைகளை எல்லாம் வரிசையாக எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதல் தடவை ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு போய், எல்லாப் பரிசோதனையையும் திரும்ப எடுத்து வரச் சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு "நண்பர்" என்னிடம், சர்க்கரையைச் சொல்லாதே, இரண்டு நாள் சோறு தின்னாமல் போ, தெரியாது என்றார். இந்த யோசனையை உங்களுக்கும் யாராவது தருவார்கள். வேண்டாம். மறைத்து வாங்கிய மெடிக்கலை வைத்துக்கொண்டு ஏதாவது ஆனால் காப்பீட்டுக்காரன் ஒரு பைசா தர மாட்டான், லைசென்ஸும் போகும். அது போகட்டும், கூட உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

கண்ணாடி பிரச்சினையே இல்லை. இரண்டாம் வகுப்புக்கு கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணிலும் 6/12 தெரிந்தால் போதும். ஆனால் கண்ணாடி போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று எழுதிவிட்டால், ஓட்டும்போது எடுத்த எடுப்பில் கைக்கு வருகிற இடத்தில் இன்னொரு உதிரிக் கண்ணாடி இருக்க வேண்டும். நிறம் பார்ப்பதுதான் பலரை மடக்குகிறது. புள்ளிப் புள்ளியாக எண் எழுதிய இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள். ஆண்களில் பலருக்குச் சிவப்பு பச்சைக் குழப்பம் இருப்பது ஆயுசு முழுக்கத் தெரியாமலே போகும். கண் மருத்துவமனைகளுக்கு மதுரையில் என்ன பஞ்சம், விண்ணப்பம் போடும் முன்னால் சும்மா போய் இந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாயில் 12 லட்சத்துக்கு விடை கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று: காது. இருபது வருடம் லேத் சத்தத்தில் நின்றவர் நீங்கள். இரண்டு மீட்டர் தள்ளி முதுகைக் காட்டி நிற்க வைத்து, சாதாரணக் குரலில் பேசுவது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். பட்டறையில் இனிமேலாவது காதுக்கு ஏதாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை மெடிக்கல் முடிந்ததும் பி.எம்.ஆர். என்று ஒரு எண் தருவார்கள், டி.ஜி.சி.ஏ.வில் உங்கள் உடம்புக்கு அதுதான் ஆதார் நம்பர் மாதிரி. அப்புறம் தண்ணி போடுகிறவராக இருந்தால், பறப்பதற்கு முந்தின 12 மணி நேரம் கூடவே கூடாது. இருமல் டானிக்கிலும் கவனம்.

---

சோழவந்தான் டு டெக்சாஸ்:

அண்ணே, அமெரிக்காவில் இருந்து எழுதுகிறேன். இங்கே வந்து எடுத்துவிட்டுப் போய்விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே.

இங்கேயும் பிரைவேட் பைலட்டுக்கு 40 மணி நேரம்தான். அதைவிடச் சின்னதாக ஸ்போர்ட் பைலட் என்று ஒன்று 2004-இல் வந்தது, அதற்கு 20 மணி நேரம் போதும், மெடிக்கலுக்குப் பதிலாகக் கார் ஓட்டும் லைசென்ஸே போதும். (உங்கள் சர்க்கரை ஞாபகம் வந்துதான் சொல்கிறேன், உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் நீங்களே ஓட்டாமல் இருக்க வேண்டும் என்பது இங்கேயும் சட்டம்.) முன்பெல்லாம் அதை வைத்துக்கொண்டு 600 கிலோவுக்கு உட்பட்ட குட்டி விமானம்தான் ஓட்டலாம். 2025 அக்டோபரில் அந்த எடை வரம்பை எடுத்துவிட்டு, எந்த வேகத்துக்குக் கீழே போனால் விமானம் மிதக்காமல் தொப்பென்று இறங்குமோ அந்த வேகத்தைக் கணக்கு வைத்து மாற்றிவிட்டார்கள். இப்போது செஸ்னா 172-கூட அதில் வந்துவிடும், ஆனால் நாலு இருக்கை இருந்தாலும் ஒரே ஒரு ஆளைத்தான் ஏற்றலாம்.

கேட்க ஆசையாக இருக்கிறது இல்லையா. இரண்டு விஷயம். டூரிஸ்ட் விசாவில் வந்து கற்க முடியாது, அதற்கென்று உள்ள மாணவர் விசா வேண்டும், அதற்கு மேல் இங்குள்ள போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.விடம் அனுமதியும் வாங்கிய பிறகுதான் பயிற்றுநர் உங்களைத் தொடுவார். இரண்டாவது, ஸ்போர்ட் பைலட் என்பது சர்வதேச விதிகளின்படி உள்ள லைசென்ஸ் இல்லை, இந்தியாவுக்கு வந்தால் அது ஞாபகார்த்தச் சான்றிதழ் மாதிரி ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டத்தான். பிரைவேட் எடுத்தாலும் நம் ஊரில் மாற்ற மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

இங்கே உள்ள சுகம் எது என்றால், லைசென்ஸுக்குக் காலாவதி கிடையாது. 24 மாதத்துக்கு ஒரு முறை பயிற்றுநரோடு உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும், ஆள் ஏற்ற வேண்டும் என்றால் முந்தின 90 நாளில் மூன்று தடவை ஏறி இறங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை காலை கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாத நிலையத்துக்குப் போய், சாவி வாங்கி, ரேடியோவில் "நான் வருகிறேன்" என்று நாமே அறிவித்துவிட்டுக் கிளம்பலாம். நூறு மைல் தள்ளி வேறொரு சின்ன நிலையத்தில் இறங்கி பர்கர் தின்றுவிட்டுத் திரும்புவோம், அதற்கு நூறு டாலர் பர்கர் என்று பெயர். இப்போது இருநூறுக்குக் குறைவாக வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரே நினைப்புத்தான், இது மட்டும் சிம்மக்கல் கறிதோசையாக இருந்தால் எப்படி இருக்கும்.

---

கோபுரத்தில் இருந்தவன்:

தம்பி, நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன், தெற்கத்தி நிலையங்களில் சில வருடம் இருந்திருக்கிறேன். யானைமலையைச் சுற்ற முடியுமா என்று கேட்டீர்கள் அல்லவா, அதை மட்டும் சொல்கிறேன்.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவது போல் இல்லை. முன்கூட்டியே பறக்கும் திட்டம் கொடுக்க வேண்டும். வான் பாதுகாப்புக்காரர்களிடம் இருந்து ஏ.டி.சி. (ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ்) எண் ஒன்று, தகவல் மையத்தில் இருந்து எஃப்.ஐ.சி. எண் ஒன்று, இரண்டும் கையில் இல்லாமல் கண்ணால் பார்த்து ஓட்டும் விமானம் கிளம்பக் கூடாது. மதுரை கட்டுப்பாட்டில் உள்ள நிலையம், பெரிய விமானங்கள் வந்து போகிற இடம். நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போது சென்னை விமானம் இறங்க வந்தால், "திருமங்கலம் பக்கம் போய் வட்டம் போடு" என்று சொல்லுவோம், போட வேண்டும். பார்வைத் தூரம் ஐந்து கிலோமீட்டர் இருக்க வேண்டும், மார்கழிப் பனியில் காலை எட்டு மணிவரை அது கிடைக்காத நாட்கள் உண்டு. பொழுது சாய்ந்தால் இறங்கிவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் சுற்றலாம், சட்டம் தடுக்கவில்லை.

அதைவிட நம் ஊர் வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சூட்டில் காற்று லேசாகிவிடும், மலை மேல் இருப்பது போல. மதுரை ஓடுதளம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 460 அடி. அந்த உயரத்துக்குப் புத்தகக் கணக்கு 14 டிகிரி. சித்திரை மாத மத்தியானம் 40 டிகிரி அடிக்கிறது, வித்தியாசம் 26. டிகிரிக்கு 120 அடி வீதம் கூட்டுங்கள், 3,120. அதோடு 460. ஆக, உங்கள் இன்ஜினும் இறக்கையும் 3,600 அடி மலை மேல் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். ஓடுதளம் 2,285 மீட்டர், செஸ்னாவுக்குக் கால்வாசி போதும், ஆகவே கிளம்புவதில் தொல்லை இல்லை, ஏறுவதில்தான். இரண்டு பேர், டேங்க் நிறைய பெட்ரோல், உச்சி வெயில், எதிரே மலை, இந்த நாலும் சேரக் கூடாது. இதே கணக்கைப் பெங்களூரில் பயிற்சி நடக்கும் ஜக்கூர் ஓடுதளத்துக்குப் போட்டுப் பாருங்கள், அந்த இடமே சுமார் 3,000 அடி உயரம், 30 டிகிரிக்கே 5,500 வந்துவிடும். அங்கே கற்றவர்கள் இதில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள்.

அப்புறம் ஆடிக் காற்று. அம்மியே நகரும் என்பது சும்மா சொன்னதில்லை. நல்லவேளையாக நம் ஓடுதளம் கிழக்கு மேற்காக இருப்பதால் மேற்குக் காற்று பெரும்பாலும் நேராக வரும். ஆனால் மலை இடுக்குகள் வழியாக வந்து விட்டு விட்டு அடிக்கும். செஸ்னா 152-க்குப் பக்கக் காற்றில் இறக்கிக் காட்டிய அளவே 12 நாட், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். ஆடியில் பயிற்சிக்குப் போனால் பாதி நாள் அறையில் படுத்திருப்பீர்கள்.

சொந்த விமானம் வாங்கலாமா என்று யோசித்தால், தனிப்பட்ட உபயோகத்துக்கான விமானத்துக்கு 2025 செப்டம்பரில் இருந்து 40 சதவீதம் ஜி.எஸ்.டி. நிறுத்த இடம், வருடா வருடம் தகுதிச் சோதனை, கையெழுத்துப் போட லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர், சின்ன விமானத்துக்கான நீல நிற அவ்காஸ் பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்கிற தேடல். பெரிய விமானத்தின் எரிபொருள் எங்கும் உண்டு, இது அப்படி இல்லை. கோவில்பட்டிப் பக்கம் உள்ள பழைய ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி கொண்டுவர தமிழக அரசின் டிட்கோ முயற்சி எடுத்தது. அது ஓடத் தொடங்கினால் நம் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம்தான். இப்போதைக்கு பெங்களூர் மாதிரி வெளியூர்தான்.

---

கப்பலூர் பட்டறை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாள் பட்டறையில் வேலையே ஓடவில்லை, இதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

திருமங்கலத்து அண்ணன் தம்பி யாராக இருந்தாலும் சரி, ஒன்று கேட்கிறேன், வருடத்துக்கு ஏழு மணி நேரம்தான் என்றால் எதற்கு வைத்திருக்கிறீர்கள்? குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

---

திருமங்கலத்தான்:

குத்தினாலும் பரவாயில்லை அண்ணே, என் மனைவியும் மாதம் ஒரு முறை கேட்பதுதான்.

காலை ஆறரைக்கு விமானத்தைச் சுற்றி வருவேன். இறக்கைக்கு அடியில் வால்வை அழுத்தி, கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். நீலமாக இருக்க வேண்டும், அடியில் தண்ணீர் முத்து நிற்கக் கூடாது. ஆயில் குச்சி, டயர், இறக்கையின் ஒவ்வொரு கீல். இன்ஜின் 3.8 லிட்டர், நாலு சிலிண்டர், 110 குதிரைத்திறன், கார்க்காரன் கேட்டால் சிரிப்பான். நிமிடத்துக்கு 1,700 சுற்றில் வைத்து, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம், சுற்று 125-க்கு மேல் இறங்கினால் அன்றைக்குப் பறப்பது இல்லை. ஒரு நாள் 25 டிகிரி, மழை பெய்து ஓய்ந்த காலை, ஐஸ் என்ற சொல்லே யாருக்கும் ஞாபகம் வராத நாள், மேலே போய்க் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இருமத் தொடங்கியது. கார்புரேட்டருக்குள் பனி. உறிஞ்சும் காற்று அங்கே குளிர்ந்து, ஈரம் உறைந்துவிடும். சூடான காற்றைத் திருப்பிவிடும் குமிழை இழுத்தேன், முதலில் இன்னும் மோசமாக இருமியது, அப்புறம் சரியானது. அந்த இருபது நொடியில் லோன், ஆபீஸ், மேனேஜர் ஒன்றுமே மண்டையில் இல்லை. ஏழு மணி நேரமும் அப்படித்தான் இருக்கும். அதற்குத்தான்.

நான் சொல்வது என்னவென்றால், உங்களுக்கு லைசென்ஸ் வேண்டுமா, பறப்பது வேண்டுமா என்று முதலில் பாருங்கள். பறப்பதுதான் என்றால் ஜக்கூரில் மைக்ரோலைட் என்கிற குட்டி விமானத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போவார்கள், அதில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். சிலருக்கு அந்த ஒரு தடவையிலேயே வயிற்றைப் பிரட்டி ஆசை தீர்ந்துவிடும், 12 லட்சம் மிச்சம். தீரவில்லை என்றால் மெடிக்கல். மெடிக்கல் கையில் வந்த பிறகுதான் பள்ளிக்காரனிடம் பணம் பற்றிப் பேச்சு.

---

கப்பலூர் பட்டறை:

சரி. நேற்று கண் மருத்துவமனைக்குப் போய் அந்தப் புள்ளி அட்டையைப் பார்த்துவிட்டேன், எல்லா எண்ணும் தெரிந்தது. காதுதான், இடது பக்கம் கொஞ்சம் மந்தம் என்றார்கள், ஆனால் பேச்சு கேட்பதில் சிக்கல் இல்லையாம். பையன்கள் எல்லாருக்கும் காது மூடி வாங்கிப் போட்டுவிட்டேன். சர்க்கரை டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன், அவர் அரை மணி நேரம் அவருடைய ஆசையைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் என் மாத்திரையைப் பார்த்தார். மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் முதல் வாரம் பெங்களூரு போகிறோம். போகிறோம் என்றால் அவளும் வருகிறாள். நீங்கள் மட்டும் ஏறுவதாக இருந்தால் நடக்காது, நானும் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வேன் என்று சொல்லிவிட்டாள்.

---

மாட்டுத்தாவணி மாப்ள:

அப்போ லைசென்ஸ் அக்காவுக்குத்தான்.

---

இனிப்புக்காரன்:

மைக்ரோலைட்டில் கண்ணாடி காற்றில் பறந்துவிடும் சார், பின்னால் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். உதிரி ஒன்று பையில் இருக்கட்டும்.